கனேலோஸைத் தின்றவன்

சம்பந்தம் பேச அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் கிரீட் தீவிலேயே இவர்கள் மட்டுமாகத்தான் இருப்பார்கள். யோசனை கல்யாணப் பெண் ரொதாந்தியுடையது. பெண் வீட்டில் பேசினால் மாப்பிள்ளை வீட்டார் மலையேறி வரவேண்டும், அது அவர்களுக்குக் குறைச்சல். மாப்பிள்ளை வீட்டில் பேசினால் பெண்ணைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்த மாதிரி, அது இவர்களுக்குக் குறைச்சல். காப்பிக்கடையில் பேசினாலோ ஊரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பெண்ணுக்கு மார்க் போடும். மிச்சம் இருந்தது மாப்பிள்ளைப் பையன் மிரோன் வேலை பார்க்கும் வட்டார வரலாற்று அருங்காட்சியகம்தான். பழைய எண்ணெய்ச் செக்குக் கட்டடம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அங்கே ஈ காக்கை எட்டிப் பார்க்காது.

"அங்க எல்லாத்து மேலயும் 'தொடாதீர்கள்'னு போர்டு இருக்கும்மா. அப்பா கையும் ஒரு மணி நேரம் சும்மா இருக்கும்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள் ரொதாந்தி. எவ்வளவு தப்பாகக் கணக்குப் போட்டிருந்தாள் என்பது போகப்போகத் தெரியும்.

ரொதாந்தி மருத்துவமனையில் நர்ஸ். முப்பதைத் தாண்டியவள், கெட்டிக்காரி, ஊசி போட்டால் வலிக்காது. ஒரே ஒரு குறை, சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. பாதிரியாரின் தாயார் சவப்பெட்டியில் கிடந்தபோது, பெட்டிக்கு முன்னால் நின்று சிரித்து வெளியே அனுப்பப்பட்டவள். இது அம்மா ஆர்கிரோ வழியில் வந்த வியாதி. அன்றைக்கு இரண்டு பேரையும் சேர்த்துத்தான் அனுப்பினார்கள்.

அப்பா மனூசோஸ் வழியில் வந்தது வேறு விஷயம். கனேலோஸ். அது ஒரு கிடா. இலவங்கப்பட்டை நிறம், திருகு கொம்பு, மந்தைக்கு முன்னால் நடந்தால் மேயர் நடக்கிற மாதிரி இருக்குமாம். ரொதாந்தி பிறந்த வருஷம் ஒருநாள் அதைக் காணவில்லை. அந்த மலையில் ஆடு காணாமல் போனால் யாரும் போலீசுக்குப் போவதில்லை. எடுத்தவன் யாரென்று கண்டுபிடித்து, அவன் பட்டியிலிருந்து திருப்பி எடுக்க வேண்டும். அப்புறம் பெரியவர்கள் இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து ராக்கிச் சாராயம் ஊற்றிக் கொடுப்பார்கள். ஒருத்தன் பிள்ளைக்கு இன்னொருத்தன் ஞானத்தகப்பன் ஆவான். திருப்பிக் கேட்பது மட்டும் கூடவே கூடாது. அது பிச்சை.

ஆனால் கனேலோஸை எடுத்தவன் யாரென்று கடைசி வரை தெரியவில்லை. அந்த ஆத்திரத்தில் மனூசோஸ் தேவாலயத் திருவிழாவில் எல்லார் முன்னாலும் மீசையைப் பிடித்துக்கொண்டு சபதம் போட்டார். கனேலோஸைத் தின்றவன் எவனோ அவனோடு ஒரே மேசையில் சாகும்வரை உட்கார மாட்டேன் என்று. அன்றிலிருந்து எந்தக் கல்யாணப் பந்தியிலும் சுற்றி இருக்கிற முகங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். "உன் பொறந்த நாளை மறந்துடுவாரு, கனேலோஸ் தொலைஞ்ச நாளை மறக்கமாட்டாரு" என்பாள் ஆர்கிரோ.

அப்படிப்பட்ட மனிதர் மிரோன் பெயரைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். காரணம் மிரோனின் அப்பா வர்திஸ். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர், இப்போது மனைவியை இழந்தவர். கனேலோஸைத் தேடி மனூசோஸ் அலைந்தபோது தன் வேலையைப் போட்டுவிட்டுக் கூடவே காடு மேடெல்லாம் அலைந்தவர் அவர் ஒருத்தர்தான்.

"இந்த மலையில யோக்கியன்னு ஒருத்தன் இருக்கான்னா அது வர்திஸ்தான். அவன் வீட்டுக்குப் பொண்ணு குடுக்கக் குடுத்துவெச்சிருக்கணும்" என்றார்.

வாசலில் இரண்டு அப்பாக்களும் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துக்கொண்டார்கள். வர்திஸுக்கு ஆள் பெரிது, குரல் சின்னது. மிரோன் கழுத்துப்பட்டை கட்டியிருந்தான், அது அவனைக் கொஞ்சம் நெரித்துக்கொண்டிருந்தது. ஆர்கிரோ கையில் கூடை. கூடை நிறையக் கலிச்சூனி. மெத்தென்ற பாலாடைக்கட்டியை மாவுக் கிண்ணத்தில் வைத்துச் சுட்ட, உள்ளங்கை அகல அப்பம். விடியற்காலையில் எழுந்து சுட்டது.

மிரோன் நல்ல பையன். ஒரு சீப்பைக் காட்டினால் அந்தச் சீப்பு சீவின தலை வரைக்கும் சொல்லுவான். செக்கைச் சொன்னான், தயிர் கடையும் மத்தைச் சொன்னான். மனூசோஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொட்டாவியை மீசைக்குள் மறைத்தார். மணிகள் தொங்கும் அறைக்கு வந்ததும்தான் அவருக்கு உயிர் வந்தது. உத்தரம் நெடுக ஆட்டு மணிகள்.

"இதை மட்டும் தொடலாம். பிள்ளைங்க அடிச்சுப் பார்க்கட்டும்னு விட்டிருக்கேன்" என்றான் மிரோன்.

ஏன் சொன்னானோ. மனூசோஸ் ஒவ்வொன்றாக நகத்தால் சுண்டிக்கொண்டே போனார்.

"இது தகரம்." அடுத்தது. "இது ஆட்டுக்குக் கட்டினதா, சைக்கிளுக்குக் கட்டினதா?" அடுத்தது. "ம், இது பரவாயில்ல, சளி பிடிச்ச மணி."

வர்திஸ் அவசரமாக மகனின் தோளில் கை போட்டார். "வா வா, தறியைக் காட்டு. பொம்பளைங்க வர்றதுக்குள்ள வெளக்கைப் போடு." இரண்டு பேரும் அடுத்த அறைக்குப் போனார்கள்.

மனூசோஸ் கடைசி மணியைச் சுண்டினார்.

அது கனமாக ஒரு முறை ஒலித்தது. ஒலித்துவிட்டு உடனே அடங்கவில்லை, அடியில் ஒரு கார்வை இழுத்துக்கொண்டே போயிற்று. மனூசோஸின் கை அந்தரத்தில் நின்றது. முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. நாற்காலி தேடினாள் நர்ஸ் மகள்.

"கனேலோஸ்" என்றார்.

"அப்பா, மணிங்க எல்லாம் ஒரே மாதிரிதானே கேக்கும்?"

"உங்கம்மா கூப்பிடறதும் பக்கத்து வீட்டுக்காரி கூப்பிடறதும் எனக்கு ஒரே மாதிரியாடி கேக்கும்?"

"கேக்கும். அவ கூப்பிட்டா உடனே கேக்கும், நான் கூப்பிட்டாத்தான் கேக்காது" என்றாள் ஆர்கிரோ.

மனூசோஸ் மணி தொங்கிய மரக் கழுத்து வளையத்தைத் திருப்பினார். உட்பக்கம் கத்தியால் கீறிய குறி. அவர்கள் வீட்டு ஆட்டுக் காதில் வெட்டும் அதே குறி, அவரே கீறியது. கீழே சுவரில் ஓர் அட்டை. மிரோனின் குண்டு குண்டான அழகான கையெழுத்து. 'வர்திஸ் அவர்களின் அன்பளிப்பு.'

"யோக்கியன்!" என்றார் மனூசோஸ். "கூட வந்து தேடினானே! செருப்பு தேயத் தேடினானேடி!"

ரொதாந்திக்கு அடிவயிற்றில் சிரிப்பு கிளம்பியது. கூடவே பயமும் கிளம்பியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். முற்றத்தில் வெள்ளைத் துணி விரித்து மிரோன் மேசை போட்டு வைத்திருக்கிறான். சுற்றிப் பார்த்து முடித்ததும் எல்லாரும் அதில் உட்கார்ந்துதான் கல்யாணத் தேதி குறிப்பதாக ஏற்பாடு. அப்பா அந்த மேசையில் உட்காரமாட்டார். இன்றைக்கு உட்காராதவர் கல்யாணப் பந்தியில் மட்டும் எப்படி உட்காருவார்? அப்பா எழுந்துபோன பந்தி அந்த மலையில் கல்யாணம் இல்லை. அவளுக்கு மிரோன் வேண்டும். அந்தச் சீப்புக் கதை, தலைக் கதை எல்லாத்தோடும் வேண்டும்.

"அப்பா, இங்க சத்தம் போடாதீங்க. உங்களுக்கு இப்போ என்ன வேணும், சொல்லுங்க."

"மணி வேணும்."

"மிரோன்கிட்ட சொன்னா—"

"சொல்றதா? என் மணியை நான் கேட்டு வாங்கணுமா?" மனூசோஸ் அங்கியின் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். "நீ போய் அந்தப் பையனைப் பிடிச்சு வை. மணியோட நான் வாயை மூடிக்கிட்டு வெளிய வந்துடறேன். ஆனா அவனோட மேசையில உக்கார மாட்டேன், சொல்லிட்டேன்."

முதலில் சத்தமில்லாமல் வெளியே வரட்டும், மேசையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள் ரொதாந்தி. அது அவள் போட்ட இரண்டாவது தப்புக் கணக்கு. மனூசோஸ் மணியைக் கொக்கியிலிருந்து எடுத்தார். உள்ளே நாக்கு லேசாக ஆடியது.

"அடைக்கணும். புல்லு இருந்தா சுருட்டி அடைக்கலாம். துணி இருக்கா?"

"என் முந்தாநாள் வாங்கின கைக்குட்டையைத் தரமாட்டேன்" என்ற ஆர்கிரோ, யோசிக்காமல் கூடையிலிருந்து ஒரு கலிச்சூனியை எடுத்து மணிக்குள் வைத்து அமுக்கினாள். நாக்கு இன்னும் ஆடியது. இன்னொன்று. கட்டை விரலால் குத்திக் குத்தி மூன்றாவதும் போனது. மணி வாயடைத்துப் போயிற்று. ஆர்கிரோவின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அதைப் பார்த்துவிட்டால் தன் கதி அதோகதி என்று தெரிந்து, ரொதாந்தி தறி அறைக்கு ஓடினாள்.

அங்கே அவள் மிரோனைக் கேட்ட கேள்விகளை எந்தப் பேராசிரியரும் கேட்டிருக்க மாட்டார். இந்தக் கட்டை எதற்கு, அந்தக் கயிறு ஏன் மேலே போகிறது, கீழே வந்தால் என்ன ஆகும், இந்த நூலுக்கும் அந்த நூலுக்கும் என்ன உறவு. கேட்கும்போதே சிரிப்பு மூக்கு வழியாகக் கசிந்தது. மிரோன் முகம் மலர்ந்துவிட்டது. தறியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படும் பெண்ணை அவன் வாழ்க்கையில் பார்த்ததில்லை. வர்திஸ் மட்டும் மணி அறைப் பக்கமே காதை வைத்துக்கொண்டு நின்றார்.

மனூசோஸ் வந்தார். இடது கை இடுப்போடு ஒட்டியிருந்தது. அங்கியின் ஒரு பக்கம் கர்ப்பிணி மாதிரி புடைத்திருந்தது.

"இவருக்கு வாயு" என்றாள் ஆர்கிரோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

முற்றத்தில் ஆரஞ்சு மரத்தடியில் மேசை. குட்டிக் கண்ணாடிக் குவளைகள், ராக்கி சீசா, ஆலிவ் பழம். ஆர்கிரோ கலிச்சூனிகளைத் தட்டில் அடுக்கினாள். வர்திஸ் தட்டைப் பார்த்தார்.

"சம்பந்தியம்மா, ஒரு ஓரம் காலியா இருக்கே? பொண்ணு வீட்டுக்காரங்க உள்ளயே பசியாறிட்டீங்க போல."

ஆர்கிரோ இருமுகிறவள்போலச் சால்வையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"உக்காருங்க மாமா" என்றான் மிரோன்.

"நிக்கறேன்."

"உக்காருங்க சம்பந்தி" என்றார் வர்திஸ்.

"முட்டி வலி. உக்காந்தா எந்திரிக்க முடியாது."

"பரவாயில்ல, நான் தூக்கி விடறேன்."

"யாரும் என்னைத் தூக்க வேண்டாம்!" குரலில் இருந்த சூட்டைக் கேட்டு மிரோன் விழித்தான். ரொதாந்தியைப் பார்த்தான். அவள் ஆரஞ்சு மரத்தைப் பார்த்தாள்.

நான்கு பேர் உட்கார்ந்திருக்க, மனூசோஸ் தேவாலயத்தில் நிற்கிற மாதிரி நின்றார். வெயில் நல்ல வெயில். மணியின் பித்தளை சூடேறியது, பாலாடைக்கட்டி இளகியது. அங்கியின் கீழ் விளிம்பிலிருந்து வெள்ளையாக ஒரு சொட்டு அவருடைய கறுப்பு பூட்ஸ் மேல் விழுந்தது. அப்புறம் இன்னொரு சொட்டு.

அருங்காட்சியகத்தில் ஒரு பூனை உண்டு. தொடாதீர்கள் என்கிற போர்டு அதற்குப் பொருந்தாது. செக்கின் மேல் தூங்கிக்கொண்டிருந்த அது எழுந்தது, சோம்பல் முறித்தது, நேராக வந்து மனூசோஸின் பூட்ஸை நக்கத் தொடங்கியது.

"போ" என்றார் மனூசோஸ், உதட்டை அசைக்காமல்.

பூனை மேலே பார்த்தது. ஊற்று எங்கே இருக்கிறது என்று அதற்குப் புரிந்துவிட்டது. கால்சட்டையில் நகத்தைப் பதித்து மரம் ஏறுவதுபோல ஏறி, அங்கிக்குள் தலையை விட்டது. "ஐயோ! ஐயோ!" என்று மனூசோஸ் ஒற்றைக் காலில் ஆடினார். அடைத்திருந்த கலிச்சூனியில் முக்கால்வாசி பொத்தென்று விழுந்தது. பூனை அதன் பின்னால் பாய்ந்தது. பிடி நழுவி மணி அங்கிக்குள்ளிருந்து வெளியே வந்து அவர் கையில் ஊஞ்சலாடியது.

ஒரே ஒரு அடி. கனமாக, அடியில் கார்வையோடு. முற்றம் முழுக்க நிறைந்தது.

"அது காட்சிப் பொருள்!" என்று மிரோன் எழுந்தான். "ரொதாந்தி, அது... உள்ள இருந்த..."

"தெரியும் மிரோன். நான்தான் உன்னைத் தறி ரூம்ல பிடிச்சு வெச்சேன்."

"அப்போ நீ நூலைப் பத்திக் கேட்டதெல்லாம்?"

"எனக்கு ஒண்ணுமே புரியல மிரோன்."

மணி போனதைவிட இதுதான் அவனை அதிகமாக அடித்தது. ஆனால் அதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. வர்திஸ் எழுந்து நின்றிருந்தார்.

"வந்துட்டியா மனூசோஸ்?" என்றார். "முப்பது வருஷம்யா! முப்பது வருஷமா உனக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்!"

"எனக்காகவா?"

"பின்ன? உன் கிடாவை எடுத்தேன். நீ வந்து என் கிடாவை எடுப்பே, பெரியவங்க உக்காரவெச்சுப் பேசுவாங்க, நாம ரெண்டு பேரும் உறவாயிடலாம்னு இருந்தேன். நீ வரவே இல்ல. இந்த மணியை என் கிடா கழுத்துல கட்டி, உன் மேய்ச்சலுக்கு எதிர் முகட்டுல தினம் தினம் மேய விட்டேன். காதுல விழட்டும்னு. நீ திரும்பிக்கூடப் பார்க்கல. இவனெல்லாம் ஒரு ஆளான்னு என்னை ஒதுக்கிட்டேன்னு நெனச்சேன். எத்தனை நாள் சாப்பாடு எறங்கல தெரியுமா?"

"காத்து அந்தப் பக்கம்யா அடிக்கும்! அங்கேர்ந்து ஒரு சத்தம் என் பக்கம் வராது!"

வர்திஸ் வாய் திறந்தபடி நின்றார். "காத்து..." என்றார். "காத்தை நான் யோசிக்கலியே. கடைசியில, நீ வரமாட்டேன்னு மனசு விட்டுப்போய்த்தான் இதை இங்க கொண்டாந்து மாட்டினேன்."

"இருக்கட்டும்." மனூசோஸ் மணியை மேசைமேல் வைத்தார். "மணியை எடுத்துட்டேன், அது தீர்ந்துது. ஆனா சபதம் தீரல. கனேலோஸைத் தின்னவனோட ஒரே மேசையில நான் உக்கார முடியாது. மீசை மேல சொல்லியிருக்கேன். ரொதாந்தி, கிளம்பு."

ரொதாந்தி எழவில்லை. முப்பது வயதுக்கு மேல் ஒரு கிடாவுக்காகக் கல்யாணம் நின்றுபோன பெண் என்று ஊர் சொல்லப்போவது அவள் காதில் இப்போதே கேட்டது. மிரோன் திரும்ப உட்கார்ந்து மேசைக்கு அடியில் அவள் கையைப் பிடித்தான். நூல் விஷயத்தை மன்னித்துவிட்டான் போலிருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது.

"அப்படின்னா நீ எங்கயுமே உக்கார முடியாதே மனூசோஸ்" என்றார் வர்திஸ், அந்தச் சின்னக் குரலில்.

"ஏன்?"

"நாம தேடிப்போன ரெண்டாம் நாள் சாயங்காலம் ஞாபகம் இருக்கா? மழை வந்துதுன்னு என் கல்குடிசைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். சட்டியில கறி வெந்துக்கிட்டிருந்தது. அந்தச் சாறுலயே சோறு வேகவெச்சுக் குடுத்தேன்."

மனூசோஸ் குனிந்து மேசைமேல் இருந்த மணியைப் பார்த்தார்.

"நீ அழுதுக்கிட்டே சாப்பிட்டே. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டே. எலும்பைக்கூட உறிஞ்சினே."

மனூசோஸின் கை மெல்ல எழுந்து மீசையைத் தொட்டது. முகம் சிவந்தது, வெளுத்தது, திரும்பச் சிவந்தது. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். பூனைகூட நக்குவதை நிறுத்திப் பார்த்தது.

"நான்..." என்றார். தொண்டையைச் செருமினார். "உப்பு கம்மியா இருந்துதுன்னு நான் சொன்னேன்ல?"

"சொன்னே. நான் போட்டேன்."

முதலில் போனது ஆர்கிரோ. சால்வை பறந்தது, அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வர, தட்டின்மேல் தலையைச் சாய்த்துவிட்டாள். அடுத்தது ரொதாந்தி. கண்ணீர் வழியச் சிரித்தாள், எது அழுகை எது சிரிப்பு என்று அவளுக்கே தெரியவில்லை. மிரோனுக்கு ஒட்டிக்கொண்டது, கழுத்துப்பட்டையை அவிழ்த்து எறிந்தான். வர்திஸ் மேசையைக் குத்திக் குத்திச் சிரித்தார். குவளைகள் துள்ளின. கடைசியாக மனூசோஸின் மீசை ஒரு பக்கம் துடித்தது. அப்புறம் இன்னொரு பக்கமும்.

"என்னோட நானே உக்காரக் கூடாதுன்னா நான் படுத்துக்கிட்டேதான்யா இருக்கணும்" என்று சொல்லி, நாற்காலியை இழுத்து, வர்திஸுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். முட்டி கொஞ்சமும் வலிக்கவில்லை.

வர்திஸ் மணியை எடுத்து விரலை உள்ளே விட்டு மிச்சப் பாலாடைக்கட்டியை வழித்துச் சாப்பிட்டார். மனூசோஸிடம் நீட்டினார். அவரும் வழித்தார். அன்றைக்குச் சேர்ந்து தின்ற கிடாவுக்குப் பதில் இப்போது கலிச்சூனி. ஏதோ ஒரு பூசைபோல மாறி மாறி வழித்தார்கள்.

"மணி இனிமே உன்னுது. நீ திருடிட்டே" என்றார் வர்திஸ்.

"அது அருங்காட்சியகத்துது!" என்றான் மிரோன்.

"பையன் சொல்றதும் சரிதான். கழுவி அங்கேயே மாட்டு" என்றார் மனூசோஸ். "மாப்பிள்ளைக்கு வேலை போயிடக் கூடாது."

மாப்பிள்ளை. அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் ரொதாந்தியின் சிரிப்பு நின்றது. நடுவில் வெட்டின மாதிரி நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிரிப்பு அவள் சொல்லாமலே அடங்கியது. குனிந்து அப்பாவின் வழுக்கையில் முத்தம் கொடுத்தாள். செப்டம்பர் திராட்சை அறுப்புக்கு அடுத்த ஞாயிறு என்று தேதி குறித்தார்கள். சீசா காலியாயிற்று.

கிளம்பும்போது வாசலில் வர்திஸ் மனூசோஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனூசோஸ், என்கிட்ட இப்போ ஒரு கிடா இருக்கு. பட்டை நிறம். நீ எப்போ வேணும்னாலும் வந்து... நான் பட்டிக் கதவைத் திறந்தே வெச்சிருக்கேன்."

மனூசோஸ் அங்கிப் பொத்தானைப் போட்டு, மீசையை இரண்டு பக்கமும் நீவிவிட்டுக்கொண்டார்.

"யோவ், கதவைப் பூட்டு. நல்லா, தாழ்ப்பாள் போட்டுப் பூட்டு. நாயை அவுத்து விடு. தொறந்து கிடந்தா எனக்கு அவமானம்."

வர்திஸ் கண் கலங்கிவிட்டது. "பூட்டறேன் சம்பந்தி" என்றார். "ரெண்டு நாயையும் அவுத்து விடறேன்."